இடப்பக்கத்து வாக்கியங்கள்

அத்தியாயம் 14

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று போன வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரமும் அவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஃப்ரிட்ஜ் பேசிக்கொண்டிருந்தது.

'பால் தீர்ந்துவிட்டது' என்று சின்னவள் ஒரு சீட்டில் எழுதிக் காந்தத்தால் ஒட்டுவாள். 'தெரியும்' என்று அதன் கீழேயே பெரியவள் எழுதுவாள். 'தெரிந்தால் வாங்கியிருக்கலாமே' என்று மறுநாள் காலையில் ஒரு சீட்டு. ஒரே கூரை, ஒரே அடுப்படி, நடுவில் ஒரு தபால் நிலையம். வீட்டு ஆண்களுக்குத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கவே பயமாக இருந்தது.

காரணம் பெரிதா என்றால், பெரிதில்லை. பத்தொன்பது நாட்களுக்கு முன் சின்னவளோடு கல்லூரியில் வேலை பார்க்கும் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு புத்தகத்தை இரவல் கேட்டாள். வாசல்வரை வழியனுப்பப் போன பெரியவள், நாளைக்கு ஞாபகப்படுத்துகிறேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஆசைப்பட்டு, "ஐ வில் ரிமெம்பர் யூ டுமாரோ" என்றாள்.

சின்னவள் சிரித்துவிட்டாள். "அக்கா, அது ரிமைண்ட்! ரிமெம்பர்னா நாளைக்கு நீங்க இவங்களையே நினைச்சு உருகிட்டு இருப்பீங்கன்னு அர்த்தம்."

வந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவளும்தான் சிரித்தாள். சிரித்த முகத்தோடு உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து இன்னொரு முறை கழுவினாள். அன்றைக்கு அடைத்த வாய்தான்.

பெரியவளுக்கு வயது நாற்பத்து மூன்று. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஏழு வருடமாகப் புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டும் திட்டையெல்லாம் முதலில் வாங்குவது அவள் காதுகள்தான். அதில் இடது காது மூன்று மாதமாக மக்கர் செய்கிறது. உள்ளே யாரோ ஓயாமல் விசில் ஊதுகிறார்கள். "இனிமே ஹெட்போன் தொடக்கூடாதும்மா. வேற வேலை பாருங்க" என்று காது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதை அவள் வீட்டில் ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை.

வேறு வேலைக்கு எங்கே போவது? அப்போதுதான் அந்த வாய்ப்பு வந்தது.

அலுவலகத்தின் கடிதப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒருவர், நாற்பது நிமிடம் லிஃப்டில் அடைபட்டுக் கிடந்த ஒரு பெரிய மனிதருக்குப் பதில் எழுதினார். 'உங்கள் புகாரை ஆராய்கிறோம்' என்பதற்கு 'லுக்கிங் இன்டு' என்று எழுதியிருக்க வேண்டும். அவர் 'லுக்கிங் ஃபார்' என்று போட்டுவிட்டார். அதாவது, உங்கள் புகாரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். 'தொலைத்துவிட்டீர்களா? நான் வேண்டுமானால் இன்னொன்று அனுப்பவா?' என்று பதில் வந்தது. அதன் நகல் தலைமை அலுவலகத்துக்கும் போனது. அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

குழப்பமான ஆங்கில வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்று முடிவானது. வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முன், உள்ளே யாருக்காவது விருப்பம் உண்டா என்று கேட்டார்கள். பெரியவள் கை தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான், தூக்கியது தன் கை என்று அவளுக்கே உறைத்தது.

துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. ஏழு வருடமாக அவள் சேர்த்து வைத்த நாற்பது ஜோடி வார்த்தைகள் அதில் இருந்தன. பார்த்தால் ஒன்று போல இருந்து ஆளைக் கவிழ்க்கும் வார்த்தைகள். வலப்பக்கத்தில் அகராதி பார்த்து எழுதிய அர்த்தம், ஒழுங்கான உதாரணம். இடப்பக்கம் அவளுடைய சொந்தச் சரக்கு.

அவளுக்கு இலக்கணம் மண்டையில் ஏறாது. ஆள்தான் ஏறும். ஒரு வார்த்தையின் மேல் தெரிந்த மனிதர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் அப்புறம் அது ஆயுசுக்கும் மறக்காது. அதனால் இடப்பக்கம் முழுவதும் குடும்பம்தான். மாமனார், புருஷன், கொழுந்தன், ஓரகத்தி என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தன்னைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது என்ற தைரியத்தில் எழுதியவை, பாவம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மாதிரி வகுப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் நேரில் வந்து பார்ப்பார்கள். தேறினால் திங்கட்கிழமை முதல் பயிற்சியாளர் நாற்காலி. தேறாவிட்டால் பழையபடி ஹெட்போன், இல்லாவிட்டால் வீடு.

அன்று காலை ஏழு மணிக்கே அவளுக்கு வேலை. அலுவலகத்து நகல் இயந்திரம் வாயைப் பிளந்து கிடந்தது. எனவே கிளம்பும்போது நோட்டைக் கணவரிடம் கொடுத்தாள்.

"என்னங்க, உங்க கடைக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை இருக்கே. இருபத்தாறு காப்பி. வலது பக்கம் மட்டும். நல்லா கேட்டுக்குங்க, வலது பக்கம் மட்டும்."

"ஒரு பக்கம் மட்டும். சரி."

"ஒரு பக்கம் இல்ல. வலது பக்கம்."

"அதான் சொல்றேன். பத்து மணிக்கு உங்க ரிசப்ஷன்ல கொடுத்துடறேன். நீ கவலைப்படாம போ."

கவலைப்படாமல் போ என்று அவர் சொன்னாலே அவளுக்குக் கவலை ஆரம்பித்துவிடும். ஆனாலும் போனாள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் நம்பர் பார்த்துக் கொடுப்பவர். அன்றைக்குத் தன் கண்ணாடியைக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு மூன்றாம் மாடிக் கூட்ட அறை நிரம்பியிருந்தது. கடிதப் பிரிவு, தொலைபேசிப் பிரிவு, உதிரிபாகக் கிடங்கு என்று இருபத்தைந்து பேர். முன் வரிசையில் மேலாளர். எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவதால் அவருக்கு நிமிஷக்காரர் என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் கூரான பென்சிலோடு தலைமை அலுவலகத்து அம்மாள்.

ரிசப்ஷன் பெண் உறையைப் பிரித்துத் தாள்களை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனாள். பெரியவள் பலகையில் தேதியை எழுதிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரிப்பது கேட்டது. அப்புறம் இன்னொருவர். அப்புறம் உதிரிபாகக்காரர் வாய்விட்டே சிரித்தார்.

திரும்பி, மேஜையில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். முதல் வரி இப்படி இருந்தது: 'என் மாமனாருக்கு எல்லாம் ஹியர் ஆகும், அவர் எதையும் லிஸன் பண்ண மாட்டார்.'

இடப்பக்கம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கண் தானாகக் கீழே ஓடியது. 'என் கணவர் எனக்கு எதையும் ரிமைண்ட் செய்ததில்லை. அவருக்கே ஒன்றும் ரிமெம்பர் ஆகாது.' இது அந்தப் பாத்திரம் கழுவிய இரவில் சேர்த்த ஜோடி. 'சின்னவள் என் குடையை பாரோ செய்தாள். நான் அதை லெண்ட் செய்யவே இல்லை.' 'கொழுந்தன் வீட்டுக்குப் பசியை ப்ரிங் செய்கிறார். சாப்பாட்டு டப்பாவை டேக் செய்ய மறக்கிறார்.' நாற்பது வாக்கியங்கள். நாற்பதிலும் வீட்டுச் சமாச்சாரம். அதில் பதினேழாவது வாக்கியம் இருக்கிறதே, அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் நிமிஷக்காரர். "இது என்னம்மா, பாடமா, குடும்பக் கதையா?"

ஓடிவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. கதவு ஏழடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஓடினால் நேரே ஹெட்போனுக்குத்தான் ஓட வேண்டும்.

அப்போது தொலைபேசிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, இந்த மாமனார் வாக்கியம் எனக்குப் பட்டுனு புரிஞ்சிடுச்சு. ஹியர்னா காதுல விழறது. லிஸன்னா காது கொடுத்துக் கேக்கறது. அப்படித்தானே?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பெரியவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"அப்படியேதான்" என்றாள். "எங்க மாமாகிட்ட நான் மழை வருது, துணியை எடுங்கன்னு சொன்னா 'ம்' கொட்டுவாரு. காதுல விழுந்திருச்சு. அது ஹியர். துணி நனைஞ்சுட்டே இருக்கும். ஏன்னா அவர் லிஸன் பண்ணல."

சிரிப்பு. ஆனால் இது வேறு மாதிரிச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப நம்ம வேலைக்கு வாங்க. ஒரு அம்மா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு ஃபோன் பண்றாங்க. 'எந்த பில்டிங், எந்த மாடி'னு நாம கேக்கறோம். அவங்க சொல்றது நமக்கு ஹியர் ஆகுது. 'மூச்சு முட்டுது, கூடக் குழந்தை இருக்கு'னு நடுவுல ஒரு வார்த்தை சொல்வாங்க. அதை லிஸன் பண்ணினவங்கதான் முதல்ல மெக்கானிக்கை அனுப்புவாங்க. மத்தவங்க ஃபாரத்தை நிரப்பிட்டு இருப்பாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பென்சில் ஏதோ எழுதியது.

அப்புறம் வண்டி தானாக ஓடியது. கணவரின் ஞாபகமறதியை வைத்து ரிமைண்டும் ரிமெம்பரும் தெளிந்தன. குடையை வைத்து லெண்டும் பாரோவும். "கேட்டு வாங்கறவங்க பாரோ, கொடுக்கறவங்க லெண்ட். கேக்காமலே எடுத்துட்டுப் போனா அதுக்கு வேற வார்த்தை இருக்கு" என்றதும் உதிரிபாகக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கிடங்கிலிருந்து ஸ்பேனர் எடுத்துப்போன ஒருவரைத் திரும்பிப் பார்த்தும் வைத்தார்.

இதற்கிடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வந்த ஒருவரின் கண்ணாடியை விளையாட்டாக மாட்டிப் பார்த்த கணவருக்கு, கையில் மிச்சமிருந்த நோட்டில் இருந்த எழுத்து தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 'என் கணவர்' என்ற வரியில் தன் ஞாபகமறதியும் தெரிந்திருக்கிறது. பதறிப்போய்ச் சரியான பக்கத்தை நகல் எடுத்தார். கடையிலோ கண்ணில் மருந்து விட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரை அனுப்புவது? அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் சின்னவளின் கல்லூரி. கடைக்கு வந்து தாள்களை வாங்கிப்போய்க் கொடுக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்.

பதினாறாவது வாக்கியம் முடிந்தபோது கதவு திறந்தது. மூச்சு வாங்க, கையில் தாள் கட்டோடு சின்னவள் நின்றாள்.

"உள்ளே வாங்க, உக்காருங்க" என்றார் நிமிஷக்காரர், வந்திருப்பவள் யாரென்று தெரியாமலே. சின்னவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகத் தன் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரல் வரிவரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. எந்த இடம் என்று பெரியவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

'இந்த வீட்டில் எல்லோரையும் நான் அக்செப்ட் செய்துவிட்டேன், சின்னவளை எக்செப்ட்.'

"அடுத்தது பதினேழு" என்றாள் தலைமை அலுவலகத்து அம்மாள். "அக்செப்ட், எக்செப்ட். எங்க ஆபீஸ்லயே பாதிப் பேர் இதைத் தப்பா எழுதறாங்க. சொல்லுங்க."

சொல்லாமல் பதினெட்டுக்குத் தாவலாம். பலகையின் பக்கம் திரும்பி முகத்தை மறைத்துக்கொள்ளலாம். பெரியவள் இரண்டையும் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்செப்ட்னா ஏத்துக்கறது. எக்செப்ட்னா தவிர. இதுல இருக்கிறது... கோபத்துல எழுதினது. எழுதின அன்னைக்கு அது உண்மைன்னு நினைச்சேன். வாக்கியம் சரி. எழுதின ஆள் சரியில்ல."

யாரும் சிரிக்கவில்லை. விஷயம் எங்கேயோ வலிக்கிற இடம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஒளிக்காம சொல்றேன், ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சிக்கல். உங்களுக்கு டிகிரி இல்ல. இந்த நாற்பதும் சரின்னு படிச்சவங்க யாராவது பொறுப்பு எடுத்துக்கணும். நான் மேல என்ன சொல்லுவேன்? யார் சரிபார்த்தாங்க?"

பெரியவள் கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தாள்.

"நான் பார்த்தேன்" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

சின்னவள் எழுந்து நின்றாள். "இப்பதான் பார்த்தேன். ஆனா நாற்பதையும் பார்த்துட்டேன். நான் இங்கிலீஷ் எம்.ஏ. பத்து வருஷமா காலேஜ்ல இதையேதான் சொல்லிக்கொடுக்கறேன். இந்தத் தாள்ல ஒரு தப்பு கிடையாது. பதினேழாம் நம்பரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"நீங்க?"

"நான்தான் அந்தச் சின்னவ."

அறையில் இருந்த இருபத்தைந்து தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. பெரியவளுக்குக் கண் மங்கியது. திட்டி எழுதியவளுக்காக, திட்டு வாங்கியவள் சாட்சி சொல்கிறாள். அதுவும் அந்தத் திட்டையே கையில் வைத்துக்கொண்டு. கடவுளே, இவளையா பத்தொன்பது நாள் ஃப்ரிட்ஜோடு பேசவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"பத்து வருஷமா நான் சொல்லிக்கொடுக்கறேன். பசங்க எழுதிக்கறாங்க, பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறாங்க. இவங்க சொன்னதை இங்க ஒருத்தரும் மறக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் சின்னவள்.

அந்த அம்மாள் பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "சரிபார்த்தவர் படிப்பு, முகவரி, கையெழுத்து. அவ்வளவுதான். நாலு மணிக்கு எனக்கு ரயில். அதுக்குள்ள என் கைக்கு வந்தா திங்கட்கிழமைக்கு ஆர்டர். இந்த இடப்பக்கத்தையே பாடமா வச்சுக்குங்க. உங்க மாமனாரோட சம்மதத்தை மட்டும் நீங்களே வாங்கிக்குங்க. அது என்னால முடியாது."

"முதல்ல அவர் லிஸன் பண்ணணுமே மேடம்" என்றார் உதிரிபாகக்காரர். அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

லிஃப்ட் நிறுவனம்தான் என்றாலும் அங்கே லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. இருவரும் படியில் இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, அதன் கீழே அகலமான ஒரு சிமென்ட் மேடை. சின்னவள் அங்கே நின்றாள்.

"அக்கா."

பத்தொன்பது நாளில் முதல் வார்த்தை.

"பதினேழைப் படிச்சதும் தாள் கட்டை அங்கேயே போட்டுட்டுத் திரும்பிப் போயிடலாம்னு நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் எண்ணிப் பார்த்தேன். நாற்பது வாக்கியத்துல நான் பதினொண்ணுல வரேன். அத்தானே மூணுலதான் வராரு."

பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "உன் மேல இருந்த கோபம் அப்படி. கோபம் இருந்தா மறக்காதும்மா. எந்த வார்த்தை நிக்கலைன்னாலும் உன்னைத் தூக்கி அதுல வச்சுடுவேன். உடனே நின்னுடும்."

"ஆக, பீஸ் வாங்காம உங்களுக்குப் பதினோரு பாடம் எடுத்திருக்கேன்."

"எடுத்திருக்கே. சத்தியமா எடுத்திருக்கே."

சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுக்கா. வாய்ல வந்துடுச்சு. கிளாஸ்ல பசங்க தப்பு பண்ணினா திருத்தித் திருத்தி அதே பழக்கம். நீங்க உள்ள போய்ப் பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுது. வந்து மன்னிப்பு கேட்டிருக்கணும். வெட்கமா இருந்துது. ஒரு நாள் தள்ளிப்போட்டேன், ரெண்டு நாளாச்சு, அப்புறம் பால் தீர்ந்துடுச்சுன்னு எழுதத்தான் தைரியம் வந்துது."

"தப்பைச் சொன்னது தப்பில்லம்மா. வந்தவங்க போன பிறகு சொல்லியிருந்தா அன்னைக்கே உனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்திருப்பேன்."

வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்வது நமக்கெல்லாம் பழக்கமில்லை. சொன்னால் அந்நியமாகிவிடும் என்று ஒரு பயம். பெரியவளுக்கும் அந்தப் பயம் உண்டு. இருந்தாலும் இன்றைக்குச் சொல்லாவிட்டால் இந்த மார்பு வெடித்துவிடும் போல இருந்தது.

சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நன்றிம்மா. நீ என்ன கொடுத்திருக்கேன்னு உனக்கே தெரியாது. இந்த வேலை எனக்குக் கௌரவத்துக்காக இல்ல. என் இடது காது போயிட்டிருக்கு. ராத்திரி பகலா விசில் சத்தம். ஹெட்போன் போடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆகுது."

சின்னவள் அவளை வெறித்துப் பார்த்தாள். "அத்தானுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

சின்னவளின் கண்கள் நிறைந்தன. "அதான் நான் இந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்லையா? வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன் அக்கா. அதையும் சேர்த்துத்தான் கோபப்பட்டேன்."

"பாதி வேணும்னுதான் பண்ணினேன். மீதி காது."

இரண்டு பேரும் படிக்கட்டு அதிரச் சிரித்தார்கள். மேலே யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். பெரியவளுக்கு அந்த நிமிடம் எல்லோர் மீதும் அன்பு பொங்கியது. கண்ணாடியை மறந்துவிட்டுப் போன புருஷன் மீதும், முதலில் கை தூக்கிய அந்தப் புதுப்பெண் மீதும், ஏன், புகாரைத் தொலைத்த கடிதப் பிரிவுக்காரர் மீதுகூட. வலது பக்கம் வந்திருந்தால் வகுப்பு நடந்திருக்கும், எல்லோரும் கொட்டாவி விட்டிருப்பார்கள், சின்னவளும் வந்திருக்க மாட்டாள்.

"ஃபாரத்தைக் கொடுங்க, மணியாகுது" என்று சின்னவள் படிவத்தை வாங்கி ஜன்னல் மேடை மீது வைத்தாள். பெயரை எழுதினாள். படிப்பு என்ற இடத்தில் எம்.ஏ. என்று எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்ன யோசிக்கறே? வீட்டு அட்ரஸ்தானே?"

சின்னவள் எழுதினாள். மெதுவாக, நான்கு வரி. கையெழுத்தைப் போட்டு, தாளைப் பெரியவளிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியவள் படித்தாள். கதவு எண் வேறு. தெருவும் வேறு. கல்லூரிக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அங்கே லிஃப்டைப் பராமரிப்பதே இவர்கள் நிறுவனம்தான்.

"இது யார் வீடு?"

"எங்க வீடு. ரெண்டு ரூம். போன வாரம்தான் உங்க கொழுந்தன் பேசி முடிச்சாரு." சின்னவளின் குரல் உடைந்தது. "நான் இருக்கறதுனாலதான் உங்களுக்கு அந்த வீட்ல மூச்சு முட்டுதுன்னு நினைச்சேன். ஒண்ணாம் தேதி போறோம். மாமாவுக்கு இன்னும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. நீங்க உங்க காதைப் பத்தி முதல்ல என்கிட்ட சொன்னீங்க. நானும் முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

நன்றி சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. பெரியவள் அந்த நான்கு வரிகளையும் மறுபடி படித்தாள். நேற்று இந்தச் செய்தி வந்திருந்தால் நிம்மதி என்று சொல்லியிருப்பாள். இப்போது நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருந்தது. மேலே மூன்றாம் மாடியில் அந்த அம்மாள் காத்திருக்கிறாள். இந்த ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திங்கட்கிழமை முதல் நாற்காலி, காதுக்கு விடுதலை.

அவள் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அக்கா! நாலு மணி ரயிலுக்கு அவங்க கிளம்பிடுவாங்களே!"

"கிளம்பட்டும்" என்றாள் பெரியவள். "இதுல அட்ரஸ் தப்பா இருக்கு."